கூடல்வாய்த் தகரம்

27 ஏப்ரல் 1958, ஞாயிறு

நேற்று மாலை கோடை மழை. அரை மணி நேரம்தான். அண்ணியின் அறை மறுபடியும் ஒழுகிவிட்டது. இந்த மாதத்தில் மூன்றாம் முறை.

எழுதிப் பார்த்தால் பிடிபடுமா என்று எழுதுகிறேன். இரண்டு ஓட்டுக் கூரைகள். இரண்டும் சரிந்து வந்து சேரும் பள்ளம் கூடல்வாய். அதில் பதினாறடி நீளத்துக்கு ஒரு தகரம் மடக்கிப் போட்டிருக்கிறது. மழைத் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கிக் கொல்லைக்கு ஓட வேண்டும். ஓடுகிறது. கொஞ்சம் மட்டும் அண்ணியின் பாயில் விழுகிறது.

அப்பா காலையில் சொன்னார். “நீதான் படிச்சவன். நீயே ஏறிப் பாரு. வெளியாளைக் கூப்பிட வேண்டாம்.”

சென்னையில் மூன்று வருஷம் தத்துவம் படித்தேன். தகரத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. பரீட்சை முடிவு வர ஒரு மாதம் இருக்கிறது. ஏணி இருக்கிறது. ஏறலாம்.

அவசரம் ஏன் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் மாசியில் அண்ணன் காய்ச்சலில் போனான். காரியத்தன்று பந்தலில் பத்துப் பேர் முன்னால் அண்ணியின் அண்ணன் குமாரசாமி எழுந்து, தங்கையைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். அப்பா சொன்னார்: “என்ற ஊட்டுல ஒழுகாத அறை ஒண்ணு இருக்கற வரைக்கும் மருமகப்புள்ள பொறந்த ஊட்டுக்குப் போக வேண்டியதில்ல.” குமாரசாமி கைகூப்பி, “அப்படியே ஆகட்டுங்க மாமா. ஒழுகினா சொல்லியனுப்புங்க, வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கம் அது பத்திரத்தில் எழுதினதற்குச் சமம். இனி ஒருவரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க முடியாது. கேட்டால் அவமதிப்பு.

அண்ணிக்கு இருபத்திரண்டு வயது. பிறந்த வீட்டில் அவளுக்கு என்ன காத்திருக்கும்? குமாரசாமியின் மனைவிக்கு அடுப்படியில் ஒரு ஆள். அவ்வளவுதான். அப்படிப் போக விடக்கூடாது.

29 ஏப்ரல்

தார். நாமக்கல் ரோட்டில் போடுகிறவர்களிடம் ஒரு டின் வாங்கி வந்தேன். தகரத்தில் இரண்டு ஓட்டைகள், கடுகு அளவு. துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சுற்றிலும் தகரம் பளபளவென்று இருந்தது. விசித்திரம்.

சாக்குத் துண்டைத் தாரில் முக்கி ஒட்டினேன். அண்ணி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எப்போதும் பேசுவதில்லை.

4 மே, ஞாயிறு

மழை. ஒழுகுகிறது.

தார் போட்ட இடத்தில் இல்லை. அதற்கு நாலு விரல் தள்ளி.

மழையிலேயே ஏறிப் பார்த்தேன். அங்கே ஒரு புது ஓட்டை. ஐந்து நாட்களுக்கு முன் அந்த இடத்தை என் கையால் துடைத்திருக்கிறேன். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இருக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைக்கிறேனா?

6 மே

சேலம். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஈயம் பற்றவைக்கிற அற்புதராஜின் கடை. சுவரில் மாதா படம், அதன் கீழே உடைந்த குடங்கள் வரிசையாக. ஐம்பது வயதிருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு குடத்தைத் தட்டிக்கொண்டே பேசினார்.

“தார் நம்ம ஊர் வெயில்ல நிக்காது தம்பி. மத்தியானம் உருகும், ராத்திரி வெடிக்கும்.”

“வேறே என்ன இருக்குங்க?”

“வீட்டில என்ன சொல்றாங்க?”

அப்பா குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார், அம்மா சுண்ணாம்பும் கருப்பட்டியும் என்கிறாள் என்றேன்.

“கருப்பட்டி போட்டா எறும்பு வரும். எறும்பு ஓட்டைய அடைக்கும். அதுவும் ஒரு வழிதான்.”

சிரிக்காமல் சொன்னார். பிறகு வெள்ளை ஈயத்தை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த மக்கு ஒரு டப்பா எடுத்து வைத்தார். மூன்று நாள் காய வேண்டும், மழை படக்கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது, ஓடுகிற தண்ணீரை யாரும் குடிக்கக்கூடாது. “இதுக்கும் நிக்கலைன்னா ஈயம் ஊத்தணும். ஆனா ஒண்ணு. ஓட்டையைக் காட்டாம மருந்து கேக்கறீங்க.”

9 மே, வெள்ளி

பழைய தாரைச் சுரண்டி, மணல் தாளால் தேய்த்து, மக்கைத் தேய்த்தேன். ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் அல்ல, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம். நன்றாக வந்தது. விரல் நுனியில் ஏதோ ஒன்றைச் சரிசெய்த உணர்வு. மூன்று வருஷப் படிப்பில் இது கிடைத்ததே இல்லை.

13 மே

காய்ந்துவிட்டது. மேலேயிருந்து பன்னிரண்டு குடம் ஊற்றினேன். அண்ணி உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“சொட்டு இல்லீங்க தம்பி.”

அவள் முகத்தில் ஏதோ இருந்தது. நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

15 மே

ஒழுகுகிறது.

பன்னிரண்டு குடத்துக்கு ஒழுகாதது பத்து நிமிஷத் தூறலுக்கு ஒழுகுகிறது. எப்படி?

அம்மா அறைக்குள் சட்டியை வைத்துவிட்டு, “பட்டணத்துப் படிப்பு ஒரு சட்டித் தண்ணிய நிறுத்தலியே சாமி” என்றாள். கேலிதான். ஆனால் எனக்குச் சிரிக்க வரவில்லை. கோபமா, பயமா? காரணம் இல்லாமல் ஒரு காரியம் நடக்கிறது. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படிக்கிறபோது இது சுவாரசியமாக இருந்தது.

17 மே

குமாரசாமியிடமிருந்து கார்டு. ஒழுகுகிற செய்தி அவர் காதுக்குப் போயிருக்கிறது. 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். “பார்த்துவிட்டுப் போகலாம் என்று.” அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

அப்பா கார்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “சேலத்து ஆளைக் கூட்டி வா” என்றார். வெளியாள் வேண்டாம் என்றவர்.

21 மே, புதன்

அற்புதராஜ் முதல் பஸ்ஸில் வந்தார். கரியடுப்பு, ஈயத்தை உருக்கி ஒட்டுகிற இரும்புக்கோல் இரண்டு, நவச்சாரம், ஈயக்கட்டி, எல்லாம் ஒரு சாக்கில். கூடல்வாயில் குப்புறப் படுத்து முழம் முழமாகத் தகரத்தைத் தடவிக்கொண்டே போனார். என் மக்கைப் பார்த்து, “நல்லாத்தான் பூசியிருக்கீங்க. கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி” என்றார்.

பிறகு என் கையைப் பிடித்து ஒரு ஓட்டையின்மேல் விரலை வைத்தார்.

“என்ன தெரியுது?”

குத்தியது. ஓட்டையின் விளிம்பு மேல்நோக்கி மடிந்து, முள்ளாக.

“எல்லா ஓட்டையும் இப்படித்தான். சதுரம். மாட்டுக்கு லாடம் அடிக்கிற ஆணி. மேலேயிருந்து அடிச்சா விளிம்பு கீழே போகும். இது கீழேயிருந்து மேலே வந்திருக்கு. உள்ளே அட்டாலி இருக்குதா?”

இருக்கிறது. அண்ணியின் அறையில், கூரைக்குக் கீழே, பழைய பாத்திரம் போடுகிற மரத்தட்டு. அதில் ஏறி நின்றால் தகரம் தலைக்கு மேலே ஒரு சாண்.

ஓட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஓடு சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அற்புதராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் ஈயம் ஊத்திடறேன். ஆனா தகரத்துக்கு அடியில நீளத்துக்கும் ஒரு பலகை கொடுங்க. அரை அங்குலப் பலகை. இல்லேன்னா எதை ஊத்தினாலும் நிக்காது தம்பி. இத்தனை நாள் மருந்து சரியாத்தான் இருந்திருக்கு.”

வேலைக்கு ஆகும் பலகையை நானே இழைத்துக் கொடுத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

22 மே

யார்?

பகலில் அண்ணி காட்டில், எங்கள் நிலத்தில், வேலையாக இருக்கிறாள். அப்பா காட்டில். நான் வெளித் திண்ணையில் புத்தகத்தோடு, பாதி நேரம் தூக்கம். வீட்டுக்குள் இருப்பது அம்மா ஒருத்திதான்.

அம்மாவா?

அண்ணன் போனது அண்ணியின் ராசி என்று அம்மா ஒருமுறை பக்கத்துக் காட்டு மாரக்காளிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அண்ணியை அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தால் – வாயால் சொல்ல முடியாது, அப்பாவின் வாக்கு இருக்கிறது – அதனால் ஆணி.

என்னைப் பெற்றவள். ஒரு பெண் படுக்கிற இடத்துக்கு மேலே ஏறி நின்று ஓட்டை போடுகிறாள். எனக்குச் சோறு போடுகிற அதே கை.

இன்று அவள் போட்ட சோற்றைச் சாப்பிட முடியவில்லை. “வயிறு சரியில்லியா சாமி?” என்றாள்.

25 மே, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும். எதையும் சேர்க்காமல்.

குமாரசாமி பதினொரு மணிக்கு வந்தார். சாப்பிட்டோம். மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. அப்பா, “வாங்க, அறையில உக்காருவோம்” என்றார். அப்பா, குமாரசாமி, நான், மூன்று பேரும் அண்ணியின் அறையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மழை கொட்டியது. முக்கால் மணி நேரம். மூன்று ஆண்கள் வாயைத் திறக்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் தலைக்கு மேலே தகரத்தில் ஓடுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஒரு சொட்டு விழவில்லை.

அண்ணி மோர் கொண்டுவந்தாள். தம்ளர்களை வைத்தாள். அவளும் ஒருமுறை மேலே பார்த்தாள்.

குமாரசாமி எழுந்தார். “நல்லாப் பத்தவெச்சிருக்கறீங்க மாப்பிள்ளை” என்றார் என்னிடம். சந்தோஷமாகத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, வாரனுங்க மாமா” என்று வண்டியேறிப் போய்விட்டார். தங்கையிடம் தனியே ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடாது. வாக்கு.

ஜெயித்துவிட்டேன். அந்தத் தைரியத்தில் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

“ஏம்மா ஓட்டை போட்டே?”

“என்ன ஓட்டை?”

“லாட ஆணி. அட்டாலி மேல ஏறி. எனக்குத் தெரியும்மா.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என்ற முழங்காலுக்கு நான் அட்டாலி ஏறறனா? படி ஏறவே மூணு தடவை முருகான்னு சொல்றவ நான். உனக்குப் பித்துப் பிடிச்சிருக்குதா?”

அப்போது அம்மிக்குப் பக்கத்திலிருந்து குரல்.

“நான்தானுங்க தம்பி.”

அண்ணி. எழுந்துகூட நிற்கவில்லை. அரைத்த துவையலை வழித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாமே நான்தானுங்க. அத்தையை ஒண்ணும் சொல்லாதீங்க.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். வாசலில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. அவருக்குக் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன்.

“தெரியும்” என்றார். சொம்பை எடுத்து இன்னொரு காலைக் கழுவினார்.

26 மே

எழுத முடியவில்லை.

27 மே

அண்ணி களத்தில் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். நானும் நாலு காய் உரித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

ஈ.எஸ்.எல்.சி., அதாவது எட்டாம் வகுப்புப் பரீட்சை, தேறியவள் அவள். எனக்குத் தெரியும், ஆனால் நினைத்ததில்லை. சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷம், அங்கேயே விடுதி. குமாரசாமி அதில் சேர்ப்பதற்கு விண்ணப்பத் தாள் வாங்கி ரகசியமாக அனுப்பியிருக்கிறார். ஜூன் 9க்குள் சேர வேண்டும்.

அடுப்படி ஆள் இல்லை. அடுப்படியே இல்லை.

“வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே அண்ணி.”

“போறேன்னு நான் சொன்னா, மறுபடியும் புருசன் வேணுமான்னு கேப்பாங்க. எங்கண்ணன் கேட்டா மாமா வாக்கை மீறினதா ஆகும். ஊடு ஒழுகினா யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

தார் போட்டபோது? சிரமம் இல்லை என்றாள், பக்கத்தில் அடித்தாளாம். மக்குப் போட்டபோது?

“பாவமா இருந்துச்சுங்க. அவ்வளவு நேரம் பூசினீங்க. காஞ்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் மனசு வந்துச்சு.”

பலகை போட்டபோது?

இன்னொரு காயை எடுத்து உரித்தாள். ஏதோ ஒரு மத்தியானம் காட்டிலிருந்து சோற்றுக்கு வந்தபோது அட்டாலியில் ஏறி ஆணியை வைத்திருக்கிறாள், மரம் தட்டுப்பட்டிருக்கிறது. அதை அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. என் கையால் இழைத்த பலகை.

தன் படுக்கையில் மழை விழும்படி ஒருத்தி ஓட்டை போடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்ற தாய்மேல் சந்தேகம் வந்தது. இது வரவில்லை. சென்னையில் தனிமனிதனின் தேர்வுச் சுதந்திரம் என்று இருபது பக்கம் கட்டுரை எழுதியிருக்கிறேன். முதல் வகுப்பு மதிப்பெண். ஒரு மாதமாக அவள் தலைக்கு மேலே நின்று ஒட்டிக்கொண்டிருந்தேன். ‘நீங்க இங்கே இருக்க விரும்பறீங்களா’ என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்கவில்லை.

“பலகையை எடுத்துடறேன். நானே ஓட்டை போடறேன்” என்றேன்.

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல்.

“வேண்டாங்க தம்பி. நல்ல வேலை. அது இருக்கட்டும்.”

30 மே

அப்பாவிடம் பேசினேன். வரப்பில், அவர் மடை திருப்பிக்கொண்டிருந்தபோது.

“எப்ப தெரியும்ப்பா?”

“முதல் ஓட்டையிலயே. மாடும் லாடமும் என்னுது. ஆணி எத்தனை இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் என்னை ஏறச் சொன்னீங்க?”

“நான் ஏறி அடைச்சா அவளுக்கும் எனக்கும் சண்டைன்னு ஆயிரும். நீ அடைச்சா ஊடு ரிப்பேரு.”

அவள் போகட்டும்ப்பா என்றேன். சொல்ல நினைத்தது நிறைய. வந்தது அவ்வளவுதான்.

மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவள் பங்கு நிலத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை.

“அவன் போயிட்டான். புள்ளையும் இல்ல. இவளும் போயிட்டா அவன்னு ஒருத்தன் இருந்ததுக்கு இந்த ஊட்டுல என்னடா இருக்குது?”

மடையில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்துவிட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன். கோழை.

2 ஜூன், திங்கள்

பரீட்சை முடிவு வந்தது. தேறிவிட்டேன். அம்மா பாயசம் வைத்தாள்.

ஆனால் எழுத வேண்டியது அது இல்லை.

மத்தியானம் அப்பாவும் நானும் இலையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி ரசம் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் போகவில்லை. பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“மாமா. ஊடு ஒழுகலீங்க.”

அப்பா நிமிரவில்லை.

“நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்களும் நல்லாத்தான் வெச்சிருக்கறீங்க. எனக்கு இங்க ஒரு குறையும் இல்லீங்க. நான் படிக்கப் போறனுங்க.”

அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கையில் சோறு அப்படியே இருந்தது. இந்த வீட்டில் ஒரு மருமகள் காரணம் எதுவும் சொல்லாமல், யார்மேலும் பழி போடாமல், போகிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் மட்டுமா? இந்தச் சுற்று வட்டாரத்திலேயே யாரும் கேட்டிருப்பார்களா? அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவும்.

ரொம்ப நேரம் ஆனது. அல்லது ரசம் இலையின் ஓரத்துக்கு ஓடுகிற நேரம்தான்.

அப்பா இலையோரத்தைக் கையால் அணைகட்டிப் பிசைந்து சாப்பிட்டார். மோரும் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் போகும்போது, அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்ததைச் சொன்னார்.

“அந்தத் தாளை எடுத்து வெய்யி. பாக்கறேன்.”

6 ஜூன்

தாள் நான்கு நாளாக அப்பாவின் தலையணைக்கு அடியில். அண்ணி வழக்கம்போல் காட்டுக்குப் போகிறாள், வருகிறாள். அம்மா மட்டும் நேற்று அண்ணியின் இரண்டு புடவைக்குச் சோற்றுக்கஞ்சி போட்டு உலர்த்தினாள். எதற்கு என்று கேட்டேன். “கஞ்சி மீந்து போச்சு” என்றாள்.

8 ஜூன், ஞாயிறு

காலையில் எழுந்தபோது தாள் என் புத்தகத்தின்மேல் இருந்தது.

‘காப்பாளர்’ என்ற இடத்தில் கையெழுத்து. குமாரசாமியுடையது என்று நினைத்தேன். அப்பாவுடையது. செங்கோட்டையன் என்று, ஒவ்வொரு எழுத்தும் வரப்பு மாதிரி சாய்ந்து. மை இரண்டு இடத்தில் சொட்டியிருக்கிறது. இறந்த கணவர் பெயர் என்ற இடத்தில் அண்ணனின் பெயரையும் அவரே எழுதியிருக்கிறார். அது மட்டும் நேராக இருந்தது.

நாளைக்கு முதல் பஸ். நான் கூடப் போகிறேன்.

22 ஜூன், ஞாயிறு

மாலையில் மழை. விடாமல் ஒரு மணி நேரம். அம்மா அண்ணியின் அறையில் விதைக்கடலை மூட்டைகளை அடுக்கியிருக்கிறாள். ஈரம் படாத இடம் வீட்டில் அதுதான் என்கிறாள்.

அப்பா வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்கு வரப்பில் பேசினதற்குப் பிறகு இருவரும் ஒன்றாய் நிற்பது இதுதான் முதல்.

கேட்டார்.

“சேலத்துலயும் பெய்யுமா?”

“பெய்யும்ப்பா” என்றேன்.